இடுப்புப் பட்டை

மகளை அந்த நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பில் பட்டையைப் பூட்டியபோது வந்த சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை. பெர்மாஸ் ஜெயாவில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் சிகிச்சை நிலையம் அது. மகளுக்கு நாலு வயது. முதுகில் பலமில்லை, உட்கார வைத்தால் சரிந்துவிடுவாள், எதையும் நிலையாகக் கவனிக்கமாட்டாள். அதற்காகத்தான் போனோம். போன இடத்தில் பிள்ளையைக் கட்டிப் போடுகிறார்களே என்றிருந்தது.

பசார் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவள் இல்லை நான். சிகிச்சை தரும் டீச்சர் சிரித்துப் பேசப் பேச என் சந்தேகம் கூடியது. பிள்ளை அசையாமல் இருந்தால் இவருக்கு வேலை சுலபம், அதற்குத்தான் இந்தப் பட்டையும் பாதத்துக்கு அடியில் கால் பலகையும் என்று முடிவு கட்டினேன். வீட்டில் குளிப்பாட்டும் சாக்கில் அவள் இடுப்பில் தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். இருக்காது. நான் வெளியேதானே காத்திருக்கிறேன், கதவைத் திறப்பதற்கு முன் தளர்த்திவிடுகிறாரோ என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது.

எங்கள் வீட்டில் பிள்ளையைப் பட்டையில் பூட்டும் பழக்கமே கிடையாது. சாப்பாடு என் மடியில். காரில் என் மடியில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடியும்வரை என் மடியில். காருக்குப் பிள்ளை இருக்கை வாங்கலாம் என்று சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவர் சொன்னபோதும், "மடி இருக்கறப்ப அது எதுக்கு?" என்று வாயை அடைத்திருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். சரியான பதில் வராவிட்டால் மகளை அன்றோடு நிறுத்திவிடுவது என்று நினைத்துத்தான் போனேன்.

"டீச்சர், பட்டை இல்லாம செய்ய முடியாதா?"

அவர் கோபப்படவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. "செய்யலாம்க்கா. நீங்களே உள்ள வந்து பாருங்க."

பட்டையைக் கழற்றிக் கால் பலகையையும் எடுத்தார். மகள் சரிந்தாள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குச்சியில் கோக்க வேண்டிய வளையங்கள் எதிரே கிடந்தன. எடுக்கக் கை இல்லை.

"விழாம இருக்கறதுலயே பாப்பாவோட கவனம் எல்லாம் போயிருதுக்கா."

நான் விடவில்லை. "என் மடியில நல்லா உட்காருவா லா."

"உட்கார வைங்க."

தூக்கி மடியில் வைத்தேன். என் இடது கை தானாக அவள் வயிற்றைச் சுற்றியது. சரியவில்லை. பார்த்தாயா என்பதுபோல் டீச்சரைப் பார்த்தேன். மகள் ஒரு வளையத்துக்குக் கை நீட்டினாள். அது போய்ச் சேர்வதற்குள் என் வலது கை வளையத்தை எடுத்துக் குச்சியில் போட்டது. அடுத்ததையும் போட்டது. ஊட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? மகள் கையை மடக்கிக்கொண்டு மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தாள்.

டீச்சர் வளையங்களைக் கழற்றி மறுபடி மேசையில் வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மறுபடி வளையத்தை எடுக்கப் போனேன். மகள் என் கையைத் தள்ளினாள். வயிற்றைச் சுற்றியிருந்த கையையும் தள்ளினாள். நெளிந்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தாள். பேச்சு வராத பிள்ளை, வேறு எப்படிச் சொல்வாள்? என் மடியைவிட அவளுக்கு நல்ல இடம் கிடையாது என்று நம்பியிருந்தவள் நான்.

நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டையை நானே பூட்டினேன். இறுக்குகிறதா என்று உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு முறையும் பார்த்தேன். பாதம் பலகையில் பதிந்ததும் மகள் நிமிர்ந்தாள். வளையத்தை எடுத்தாள், தவறவிட்டாள், மறுபடி எடுத்தாள். அது குச்சியில் விழும்வரை என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன்.