சம்பந்தியம்மாவின் முழங்கால்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் மூச்சக்கா. முப்பத்திரண்டு வருடங்களாக எக்ஸ்ரே அறையில், "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படத்தை இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கழுவி, கிளிப்பில் மாட்டிக் காயவைக்க வேண்டும். இப்போது பொத்தானை அழுத்தினால் திரையில் வந்து நிற்கிறது. மிரண்டு போகிறவர்களுக்கு அவள் சொல்லும் ஆறுதல் மட்டும் மாறவில்லை: "பயப்படாதீங்க, டாக்டர் பாத்துச் சொல்லுவாரு."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. ஐம்பத்தாறு முடிந்த மாதத்தில் ஒருநாள் மாடிப்படியில் வலது முழங்கால் சுருக்கென்றது. மதியம் கூட்டம் ஓய்ந்ததும், கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கொண்டு தன் காலையே படம் எடுத்துப் பார்த்தாள். உள்பக்கத்தில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பாதியாகியிருந்தது. ஓரத்தில் முள் மாதிரி ஒரு வளர்ச்சி வேறு. டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த வயசுல சகஜம்தான், நல்லா நடங்க" என்றார். அவள் காதில் 'வயசு' மட்டும்தான் விழுந்தது.

அன்றிலிருந்து ஒரு மாடிக்கும் லிஃப்ட். கட்டிலிலிருந்து எழுவதற்குள் நாலு 'அம்மாடி'. "அது உன் கால்தானா, இல்ல கண்ணாடிக் கடையில வாங்கினதா?" என்று வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் மலைப்பயணம் வந்தது. மகளும் மருமகனும் தங்கள் இரண்டு அம்மாக்களையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு செய்து, அறையும் போட்டுவிட்டார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மருமகனுக்கு அவசர வேலை வந்துவிட்டது, மகளுக்கும் கிளம்ப முடியவில்லை. "போட்ட அறைய விட வேண்டாம்மா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் மகள்.

சம்பந்தியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. செடி விற்கும் தோட்டம் வைத்திருக்கிறவர். கல்யாணம் நடந்து நாலு வருடமாகியும் இருவருக்கும் நடுவே "சாப்பிட்டீங்களா", "நல்லாருக்கீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. சம்பந்திகள் அல்லவா, ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் பிள்ளைகள் தலையில்தான் விடியும்.

மறுநாள் காலை மலையடிவாரத்தில் இறங்கியபோது, மேலே ஏரிக்கு மூன்று கிலோமீட்டர் என்று பலகை சொன்னது. மூச்சக்கா அதன் அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க சம்பந்தியம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? பெஞ்ச யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க, வாங்க."

மறுத்துப் பேச முடியாமல் எழுந்தாள். ஆனால் அவளுக்குக் கவலை தன் காலைப் பற்றி மட்டுமில்லை. போன வருடம் சம்பந்தியம்மா பூந்தொட்டியோடு வழுக்கி விழுந்தபோது படம் எடுத்தவளே அவள்தான். எலும்பு முறியவில்லை. ஆனால் இரண்டு முழங்காலிலும் இடைவெளி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. பாவம், இந்த அம்மா இனி வீட்டோடுதான் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

அந்த அம்மாதான் இப்போது இரண்டு கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். வேகமாக இல்லை. பத்தடிக்கு ஒரு செடியிடம் நின்று இலையைத் திருப்பிப் பார்ப்பார், கசக்கி முகர்வார், "இத எங்க தோட்டத்துல வச்சா ஒரே வாரத்துல செத்துப்போகும், இங்க பாருங்க திமிர" என்பார். பிறகு அடுத்த பத்தடி. முதுகில் வெயில் இதமாக விழுந்தது. பாதி வழி வந்தபிறகுதான், தன் முழங்காலை நினைத்தே நெடுநேரம் ஆகிவிட்டது என்று மூச்சக்காவுக்கு உறைத்தது.

ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க முழங்கால் படத்த நான் பாத்திருக்கேன். என்னோடதவிட மோசம். உங்களுக்கு வலிக்கலையா?"

"வலிக்காம என்ன? ஏறினா வலிக்குது. வீட்டுல உக்காந்திருந்தா அதவிட வலிக்குது." சம்பந்தியம்மா முட்டையை உரித்தார். "எப்படியும் வலிக்கத்தான் போகுது, அதுக்கு நல்ல காத்தாவது கிடைக்கட்டுமேன்னு வந்துட்டேன். தேய்ஞ்சதுன்னா என்ன, உபயோகப்படுத்தினோம்னு அர்த்தம். செருப்பு தேயலியா?"

மூச்சக்காவுக்குப் புரைக்கேறுமளவு சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு வருடமாக மனிதர்களை அசையாமல் படுக்கவைத்துத்தான் பார்த்திருக்கிறாள். கதவைத் தாண்டிப் போன பிறகு அவர்கள் எங்கெங்கே ஏறி இறங்கினார்களோ, எந்தப் படத்தில் தெரியும்?

ஏரித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் மறையும்வரை இறங்கினாள். குளிர் ஏறி உடம்பே சிலிர்த்தது. கரையிலிருந்து சம்பந்தியம்மா, "எனக்குக் கொஞ்சம் தண்ணி மிச்சம் வைங்க" என்றபடி தடிகளைப் போட்டுவிட்டு அவரும் இறங்கினார்.

இறங்கும் வழியில் ஓரிடம் செங்குத்தாக இருந்தது. அங்கே மட்டும் கால் ஒத்துழைக்க மறுத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் உட்கார்ந்தார்கள் என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. உட்கார்ந்தபடியே சறுக்கி, பின்பக்கமெல்லாம் மண்ணாக, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டு அடியில் வந்து சேர்ந்தார்கள். எதிரே வந்த ஒரு குடும்பம் பதறிப்போய்க் கை கொடுக்க ஓடிவந்தது.

"விழலீங்க," என்றார் சம்பந்தியம்மா, "விளையாடினோம்."

"எழுந்திருங்க அண்ணி," என்று மூச்சக்கா கையை நீட்டினாள். சம்பந்தி எப்போது அண்ணியானார் என்று அவளே கவனிக்கவில்லை. அண்ணி கவனித்தார், கையைப் பிடித்துக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தில் விசாரித்தால், அடுத்த வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் என்றார்கள். அப்போதுதான் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, கால் எப்படிம்மா இருக்கு?"

"வலிக்குது," என்றாள் மூச்சக்கா சந்தோஷமாக. "இருடி, அப்புறம் பேசறேன். அடுத்த ஸ்டாப்பு பக்கம்தானாம், அண்ணி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க."