அம்மா தலையாட்டிய காலை

இன்று என் மகள் கட்டிலில் சாய்ந்தபடி கைபேசியில் பட்டம் படிக்கிறாள். வகுப்பு நடுவில் ஒரு நிமிடம் நின்றுபோனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். எங்கள் அம்மாவின் பி.ஏ. தபால்காரரின் சைக்கிளில் வந்தது. எழுபதுகளில் புன்னைக்காயலில் அஞ்சல்வழியில் பட்டம் படித்த ஒரே பெண் எங்கள் அம்மாதான் என்று இப்போதும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

மங்கலான மையில் அச்சான பாடத்தாள்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றில் புரியாததைப் பேராசிரியர்கள் விடியற்காலையில் வானொலியில் விளக்குவார்கள். வீட்டுக்குள் எங்கள் டிரான்சிஸ்டர் கரகரத்துக்கொண்டே இருக்கும். கடற்கரைக்குக் கொண்டுபோனால்தான் மனிதக் குரல் கேட்கும். பரீட்சை நெருங்கிய ஒரு நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய், பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் இறக்கும் நேரத்தில் புயல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள், சொன்னால் வந்துவிடுமாம். வானிலைச் செய்தி கேட்டவரின் முகத்தைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். அன்று அத்தனை ஆண்களும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா நெற்றியைச் சுருக்கினாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, இல்லை என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், தண்ணீரில் பாதி இறங்கிய வள்ளங்களும் கரையேறிவிட்டன.

மாலையில் பக்கத்து ஊர் வள்ளங்கள் நிறைய மீனோடு திரும்பின. பெரியப்பா ஊரையே திரட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏளா, நீ தலைய ஆட்டுனதப் பாத்துல்லா வள்ளத்த ஏத்துனோம்!"

"அது பொருளாதாரப் பாடம் அத்தான். ஒண்ணும் வெளங்கல, அதான் ஆட்டுனேன்" என்றாள் அம்மா.

யாரும் சிரிக்கவில்லை. இனி அந்தப் பெட்டி கரைப்பக்கமே வரக்கூடாது என்றார் பெரியப்பா. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாடம் கேட்காமல் போனால் பரீட்சையில் கோட்டை விட்டுவிடுவாள் என்பது எனக்கே தெரியும். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அன்று அவருடைய வலையும்தான் நனையவில்லை.

"அண்ணே, அவ படிக்கட்டும். நாளையிலருந்து செய்திய நான் கேக்கேன். என் மூஞ்சியப் பாருங்க" என்றார் அப்பா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அப்பா செய்தி கேட்டு முடித்து, பல்லெல்லாம் தெரிய ஊருக்கு ஒரு சிரிப்புக் காட்டிவிட்டு, பெட்டியை அம்மாவிடம் கொடுத்தார். வள்ளங்கள் இறங்கின. ஏலேலோ என்று தெருவே விழிக்கும்படி கூவித் தள்ளுகிறவர்கள், அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. பெரியப்பா கையை மட்டும் அசைப்பார். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார்கள். அம்மாமேல் இன்னும் கோபம் தீரவில்லை போலும் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பெரியப்பாவோடு நானும் பேசவில்லை.

அம்மா தேறினாள். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. அவள் காதில் பாடம் விழட்டும் என்றுதான் அத்தனை பேரும் சத்தமில்லாமல் வள்ளம் தள்ளினார்கள் என்பது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.