காயாத பெயிண்ட்

எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கரண்டு வரத் தொடங்கிய காலத்தில், மின்கம்பங்களில் மாட்டும் அபாயப் பலகைகளை மணமேல்குடியில் எங்கள் வீட்டில்தான் அச்சடித்தோம். எங்கள் வீட்டில் மட்டும் அரிக்கேன் விளக்குதான். அப்பா ஒப்பந்தக்காரரிடம் பேசித் தகரம் எடுத்துவந்து வெள்ளை பூசுவார். பட்டுத்துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தை அதன்மேல் வைத்து, சிவப்புப் பெயிண்டை ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பாக இழுப்பது அத்தை, அப்பாவின் தங்கை. சட்டத்தைத் தூக்கினால் ஒரு மண்டை ஓடு, இரண்டு எலும்பு. அப்பா இழுத்தால் மண்டை ஓட்டுக்குப் பல் ஒழுகும். அத்தை கை பட்டால்தான் அச்சு சுத்தமாக விழும்.

அடித்ததையெல்லாம் கூடத்துச் சுவர் நெடுக நிறுத்தி வைப்போம். கடல் காற்றுக்குச் சீக்கிரம் காயாது. தொட்டால் அப்பாவிடம் அடி நிச்சயம். நாள் முழுக்கக் குனிந்து இழுத்து முதுகு பிடித்துக்கொண்ட அத்தைக்கு, அப்பாடி என்று சாயக்கூட ஒரு சுவர் மிச்சமிருக்காது.

அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வயதில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார்கள். மீமிசலிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வரும் நாள் காலையில், பலகைகளைப் பின்கட்டுக்கு மாற்றிவிடலாம் என்று அம்மா கெஞ்சினாள்.

"இன்னும் ஈரம் காயலை. இப்ப அங்கிட்டு இங்கிட்டு நகத்துனா அம்புட்டும் பாழ்" என்றார் அப்பா. அத்தை தலைவாரப் போனாள். நகக்கண்ணில் ஏறிய சிவப்பு, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வந்தவர்கள் வாசற்படியோடு நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இது என்னங்க?"

அப்பா கரண்டு, கம்பம் என்று ஏதேதோ விளக்கினார். அவர்கள் காப்பித்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். அம்மா கிண்டிய கேசரியை நான்தான் மூன்று தடவை வாங்கித் தின்றேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சலாக வருகிறது.

சாயங்காலம் அத்தை புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு உறுத்தியது. முதல் நாளே ஒரு மண்டை ஓட்டின் மூக்கை நான் தொட்டுப் பார்த்திருந்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அடிக்குப் பயந்து காலையில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். பெயிண்ட் நேற்றே காய்ந்துவிட்டது என்று அத்தையிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும் ஆத்தா. அடிச்சவளுக்குத் தெரியாதா? ஒங்கப்பாவுக்கும் தெரியும்" என்றாள்.

பிறகு ஏன் நகர்த்தவில்லை என்று கேட்டேன். பெட்டியை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம் இன்னொரு வண்டித் தகரம் வருதுல்ல."

தகரம் வருவதற்கும் மாப்பிள்ளை போனதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் தொட்டதை அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்றாள். நிம்மதியாக விளையாடப் போனேன்.