கரையாம்புத்தூரில் தானாக ஒட்டிக்கொண்ட போன்

ஞாயிறு, காலை 8.10. வில்லியனூர் மார்க்கெட்டில் வெற்றிலை, பாக்கு, மூன்று முழம் மல்லி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினேன். மல்லி முழம் நாற்பது ரூபாய். எங்கள் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளில் இரண்டுதான் பாக்கி. பாகூரில் என் கணவர் செல்வத்தின் சித்தப்பா வீடு, அதன் பிறகு கரையாம்புத்தூரில் வசந்தி வீடு.

வசந்தி யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்வத்தின் அத்தை மகள். எனக்கு முன்னால் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண். ஜாதகம் சேரவில்லை என்று விட்டுப்போய்ப் பதினேழு வருடம் ஆகிறது. விட்டுப்போனது அவர்களுக்கு. எனக்கு இன்னும் விட்டபாடில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் பட்டுப்புடவையில் ஒரு படம் போட்டால் போதும், அன்றைக்கு எங்கள் வீட்டு ரசத்தில் உப்புக் கூடிவிடும்.

"உனுக்கு வர இஷ்டம் இல்லன்னா சொல்லு, வாட்ஸ்அப்லயே பத்திரிகைய அனுப்பிடலாம்" என்றார் செல்வம், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"ஏன், நான் வராம நீங்க மட்டும் போலாம்னு பாக்கறீங்களா?"

"நானு அந்த வூட்டுக்குப் போனதே இல்லடி. கண்ணாலம் ஆயி அவ எந்தத் தெருவுல இருக்கறான்னுகூட எனுக்குத் தெரியாது."

வண்டி ஓட்டும்போது பேசித் தொலைப்பார் என்று அவர் போனை எப்போதும் நான் வாங்கி வைத்துக்கொள்வேன். அன்றும் வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

9.00 மணி. ஏம்பலம் வழியாகப் பாகூர். வண்டி மீட்டர் பத்தொன்பது கிலோமீட்டர் காட்டியது. ஏரி நிறைந்திருந்தது. கரை ஓரமாகப் போகையில் காற்று முகத்தில் ஈரமாக அடித்தது. ஏரிக்குக் கீழே கண்ணுக்கு எட்டிய வரை நாற்று நட்ட வயல். இதுவரை வராதவர்கள் மழைக்காலம் முடிந்த கையோடு வாருங்கள், புதுச்சேரி என்றால் கடற்கரை மட்டும்தான் என்ற நினைப்பு போய்விடும். சித்தப்பா வீட்டில் தட்டு வைத்து, இட்லி தின்று, 10.15க்குக் கிளம்பினோம்.

பாகூரிலிருந்து கரையாம்புத்தூர் போகும் சாலை ஒரு நிலையில் நிற்காது. ஒரு பலகை புதுச்சேரி என்கிறது, கொஞ்ச தூரத்தில் இன்னொரு பலகை தமிழ்நாடு என்கிறது, மறுபடி புதுச்சேரி. இரண்டு பக்கமும் கரும்பு ஆளுயரம் நிற்கிறது. பாதி வழியிலேயே என் போனில் சிக்னல் ஒரு கோடாகி, அதுவும் போனது. நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வண்டிக் கண்ணாடியில் முகம் பார்த்துப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வசந்தியைவிட நான் இரண்டு வயது சின்னவள். பார்த்தவுடனே அது தெரிய வேண்டுமே.

ஊர் எல்லையில் ரேஷன் கடை. அங்கே இடது பக்கம் திரும்பி, தண்ணீர் டேங்கைத் தாண்டி வலது பக்கம் வாய்க்கால் தெரு, மூன்றாவது வீடு, பச்சை கேட். 10.50க்கு வண்டி அதன் முன்னால் நின்றது.

நின்றதுதான் தாமதம், என் கைப்பைக்குள் டிங், டிங் என்று சத்தம். செல்வத்தின் போன். எடுத்துப் பார்த்தால் வழியில் வராமல் கிடந்த மெசேஜ் எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தன. சிக்னல் இல்லை. ஆனால் வைஃபை குறி முழுசாக நின்றது. ஒரு வீட்டு வைஃபையில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டிருந்தால்தான் மறுமுறை கேட்காமல் போன் உள்ளே போகும். இது எனக்குத் தெரியும். வராத வீட்டுக்குள் இவர் போன் எப்படிச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைகிறது?

போனை மறுபடி பைக்குள் போட்டு ஜிப்பை வெடுக்கென்று இழுத்தேன்.

"வாங்க மாமா! வாங்க அக்கா!" என்று வசந்தி ஓடிவந்தாள். ஒரு நரைகூட இல்லை, தன்னைவிடச் சின்னவளான என்னை அக்கா என்கிறாள். அந்த 'மாமா'வில் இருந்த இழுவையைச் சொல்லி முடியாது. காபி கொடுத்தாள். சர்க்கரை நோய்க்காரரான செல்வத்துக்கும் சர்க்கரை போட்டே கொடுத்தாள். அவர் உடம்பு அவளுக்குத் தெரியவில்லை என்று கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் விடவில்லை. இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"வசந்தி, உங்க வூட்டு வைஃபை பாஸ்வேர்டு இன்னா?"

"எனுக்கு இன்னா தெரியும்கா? கேபிள்காரரு போட்டுக் குடுத்ததுதான். இவுரக் கேளுங்க."

அவள் கணவர் பழனி கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சிரித்தார். "நீங்க வில்லியனூருதான அண்ணி? அந்தப் பக்கமும் அவுருதான் லைன் இழுக்கறாரு. உங்க போன்ல வைஃபைய ஆன் பண்ணிப் பாருங்க."

பேட்டரி போகும் என்று நான் வெளியே கிளம்பினால் வைஃபையை அணைத்துவிடுவேன். இப்போது போட்டேன். யாரையும் கேட்காமல் என் போனும் ஒட்டிக்கொண்டது. பெயரைப் பார்த்தால் 'தர்ஷினி ஹோம்'. எங்கள் வீட்டில் இருக்கும் அதே பெயர்.

"அது அந்தக் கேபிள்காரரு பொண்ணு பேரு," என்றார் பழனி. "எல்லா வூட்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. ரிப்பேருக்குப் போனா அவுரு போனு தானா கனெக்ட் ஆவணுமாம். வூட்டுக்கு வூடு கேட்டுக்கினு நிக்க முடியாதுன்னு சொல்லுவாரு."

செல்வம் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிப் போனேன். வாசலிலிருந்தே என் முகத்தைப் படித்துவிட்டார் போல. அசட்டுச் சிரிப்பு சிரித்து வைத்தேன். ஆனால் வசந்தி விடவில்லை.

"அப்ப உங்க வூட்டுக்கு வந்தா என் போனும் தானா கனெக்ட் ஆயிடுமா அக்கா?"

"ஆவும், ஆவும்," என்றார் செல்வம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

மதியம் 1.15. சாப்பிட்டுக் கிளம்பினோம். கேபிள்காரரின் போன் எங்கள் தெருவில் போகும்போதெல்லாம் என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. முன்பின் தெரியாத எத்தனை வீட்டுப் போன்கள் அப்படி வந்து போயினவோ. இனி வசந்தியின் போன் வேறு. நாங்கள் பூட்டு போட்டு, அதே சாவியை மூன்று கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களுக்கும் கொடுத்து வைத்திருந்திருக்கிறோம்.

ரேஷன் கடை அருகே ஒரு மினி வேன் குறுக்கே நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, வாய்க்கா தெரு எது? லொகேஷன் எடுக்க மாட்டேங்குது. நாலு பேரக் கேட்டுட்டேன், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"லெப்ட்டுல பூந்து, டேங்க் தாண்டி ரைட்டு," என்றார் செல்வம்.

வண்டி நகர்ந்தது. கரும்பு முடிகிற இடம்வரை பொறுத்திருந்தேன்.

"வர்றப்ப நம்ம யாரையும் வழி கேக்கலியே?"

"லொகேஷன் போட்டுக்கினுதான வந்தேன்?"

கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். வரும்போதும் அவர் போன் இதற்குள்தான் இருந்தது, ஜிப் மூடியபடி.

3.05க்கு வில்லியனூர். புடவைகூட மாற்றாமல் மோடத்தைத் திருப்பி, கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, ஒரு வீடியோவைப் பார்த்து நானே பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

விழா முடிந்து பத்து நாளாகிறது. வசந்தி வந்தாள், பட்டுப்புடவையில்தான். அவள் போன் ஒட்டவில்லை. செல்வத்தின் போனும் ஒட்டவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, "புதுப் பாஸ்வேர்டு இன்னாடி?" என்கிறார். வாய்க்கால் தெருவுக்கு வழி யார் சொன்னார்கள் என்று நான் கேட்கிறேன். அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.