கேசட்டில் வந்த வாத்தியார்

ராக்காயிக்கு எந்த மேலதிகாரியைப் பார்த்தாலும் தலை தானாக ஆடிவிடும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, சின்ன வயசிலேயே பாலெடுக்க மரம் வெட்டப் போனவள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் கிராணி என்ன சொன்னாலும் "சரிங்கையா" என்பது ஒன்றே அங்கே பதில். புரியவில்லை என்று வாயைத் திறந்தால் அன்றைக்கு நல்ல மரம் கிடைக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, புருஷன் ராஜுவோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஈப்போ நகரத்துக்கு வந்து புந்தோங்கில் குடியேறினாள். தலையாட்டும் பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தாள்.

எண்பத்தாறில் அவள் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தது. அச்சுகளை ரப்பர் பாலில் முக்கி, அடுப்பில் காய வைத்து, கையுறைகளை மடமடவென்று செய்து தள்ளும் ராட்சசன். அதை ஓட்டும் பயிற்சிக்குப் போய்ப் பரீட்சையில் தேறியவர்களுக்குப் பகல் ஷிப்டில் இயந்திர வேலை, தேறாதவர்கள் ராத்திரி ஷிப்டில் பெட்டி கட்டப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ராஜுவோ பலகை லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். ராத்திரியில் பிள்ளைகளை யாரிடம் விடுவது? ராத்திரி ஷிப்டு என்றால் அவளுக்கு வேலை போனது போலத்தான்.

பயிற்சி வகுப்பு எப்போது வைத்தார்கள் தெரியுமா? வேலை முடிந்த பிறகு, சாயங்காலம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு நவமணி ஆறு மணிக்குத் தன் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குள் ராக்காயி வீட்டில் இருந்தாக வேண்டும். இப்படியும் ஒரு வகுப்பு வைப்பார்களா! பெற்றவள் எவளாவது கணக்குப் போட்டிருந்தால் அந்த நேரத்தில் வைத்திருக்க மாட்டாள்.

ராக்காயி அழுதுகொண்டு உட்காரவில்லை. ராஜுவின் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், கூட வேலை பார்க்கும் செல்லாயியின் கையில் திணித்தாள்.

"வகுப்புல பெஞ்சு மேல வச்சு, இந்த ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குக்கா. வேற ஒண்ணும் வேணாம்லா."

"ஐயா ஏசுனா?"

"ஏசுனா அதுவும் பதிவாகட்டும்."

பயிற்சி அதிகாரி கார்த்திகேசு ஏசவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர், தங்கமான குணம். பேச்சு மட்டும் பிரேக் இல்லாத பஸ். முதல் நாள் கேசட்டை ராக்காயி வீட்டில் போட்டாள்.

"இதை இப்பிடித் திருப்புங்கோ. முள் அந்தக் கோட்டுக்கு வந்ததும் அதை விடுங்கோ. விளங்குதோ?"

"விளங்குதுங்கையா!" என்று பெண்கள் கோரஸ் பாடினார்கள்.

எது இது? எது அது? ராக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், உன் விரலு கேசட்டுல தெரியுமாய்யா?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஓடாமல் நின்ற இயந்திரத்துக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்து, வகுப்புக்குப் போனவர்களை எல்லாம் கூப்பிட்டாள். "இதை" என்றதும் செல்லாயி ஒரு குமிழைக் காட்டினாள், இன்னொருத்தி வேறொன்றைக் காட்டினாள், மூன்றாமவள் சுவரைக் காட்டினாள். அத்தனை பேரும் தோட்டத்துப் பெண்கள். ஒருத்திக்கும் விளங்கவில்லை, விளங்கியதாக அத்தனை பேரும் தலையாட்டியிருக்கிறார்கள்!

"திருப்பிப் போடுக்கா," என்றாள் ராக்காயி. "முள்ளு ஏறணும்னா இது சூட்டுக் குமிழாத்தான் இருக்கணும்."

திருப்பித் திருப்பிப் போட்டார்கள். கார்த்திகேசு சலிக்காமல் சொன்னதையே சொன்னார். கேசட்டுக்குக் கோபம் வராது, முகம் சுளிக்காது. அன்று முதல் சாப்பாட்டு நேரமெல்லாம் அதுதான் வேலை.

வீட்டில் சிமெண்டுத் தரையில் இயந்திரத்தின் குமிழ்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து வைத்தாள். சோறு கொதிக்கும், கார்த்திகேசு பேசுவார், ராக்காயி கால் விரலால் குமிழைத் தொடுவாள். வேகமாகப் போனால், "நிறுத்துய்யா, மெதுவா சொல்லு!" என்று பட்டனை அமுக்குவாள். லாரியை விட்டு இறங்கி வந்த ராஜு இதைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

"ஏய், என் பாட்டு கேசட்டையா அழிச்ச?"

"பாட்டு சோறு போடுமா மச்சான்? வரைஞ்சத மிதிக்காம அந்தாண்ட போங்க."

பரீட்சை நாள் வந்தது. கார்த்திகேசு கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, பென்சிலோடு இயந்திரத்தடியில் அவளுக்கு எதிரே நின்றார்.

"அடுப்பில சூடு கூடிப் போச்சு. என்ன செய்வீங்கள்?"

ராக்காயியின் தலை ஆடியது. "சரிங்கையா."

"என்ன சரி? கேள்வியெல்லோ கேட்டனான்."

"சரிங்கையா."

வரிசையில் நின்ற செல்லாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். கார்த்திகேசு பென்சிலைத் தாளுக்குக் கொண்டு போனார். ராக்காயிக்குத் தெரியும், எல்லாம் தெரியும், பாழாய்ப் போன தலைதான் முந்திக்கொள்கிறது!

"ஐயா, எனக்குப் பின்னால வந்து நின்னு கேளுங்கையா. மூஞ்சியப் பாத்தா தலை ஆடுது."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் வந்து பின்னால் நின்றார். இப்போது குரல் மட்டும்தான். அடுப்பங்கரையில் தினமும் கேட்ட அதே குரல். கேட்கக் கேட்க அவள் கை தானாகப் போனது. சூட்டைக் குறைத்தாள், பாலை அடைத்தாள். கார்த்திகேசுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கடைசிக் கேள்வியைப் பிரேக் இல்லாமல் கொட்டினார்.

"நிறுத்துய்யா! முதல்லேருந்து மெதுவா சொல்லு!"

கத்திய பிறகுதான் ராக்காயிக்கு உறைத்தது, இது கேசட் இல்லை. பிறந்ததிலிருந்து எந்த அதிகாரியையும் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பின்னால் ஓர் இருமல் கேட்டது.

"ஓம்... முதலிலிருந்து சொல்லுறன்."

மெதுவாகச் சொன்னார். அவள் தலையாட்டாமல் கடைசிவரை கேட்டாள். பிறகு சிவப்புக் குமிழைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை அவள் பகல் ஷிப்டுக்கு வந்தபோது, இயந்திரத்துக்குப் பக்கத்தில் கார்த்திகேசு புதுக் கேசட் ஒன்றோடு நின்றுகொண்டிருந்தார்.

"பிள்ளை, செல்லாயி எல்லாம் சொன்னவ. அடுத்த பாடத்தை வீட்டில இருந்தே கேசட்டில பேசிக்கொண்டு வரப்போறன். என்ன வேகத்தில சொல்லட்டும்?"

ராக்காயி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சோறு வடிக்கிற வேகத்துல சொல்லுங்கையா. 'இது', 'அது'ன்னு மட்டும் சொல்லாதீங்க."