வயித்தெரிச்சல் செவப்பு

முட்டாள்தனத்தில் ரெடிமேடும் உண்டு, அளவெடுத்துத் தைத்ததும் உண்டு. என்னுடையது இரண்டாவது ரகம். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, என் முட்டாள்தனத்துக்கு நானே அளவெடுத்தேன். இதை எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "எழுதுங்க, ஊருக்கே தெரியும். பத்திரிகைக்காரவுகளுக்கு மட்டும் தெரியாம என்ன" என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்து கடைகள் எல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரம். அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு சின்னக் கடை. போர்டில் 'டிசைனர் ஸ்டுடியோ' என்று போட்டிருக்கும். தெருவில் யாரைக் கேட்டாலும் "தையக்கடைதான? அந்தா" என்று கைகாட்டுவார்கள். உள்ளூர்த் தறியில் ஓட்டிய பருத்தித் துணியை வாங்கி, நானே படம் வரைந்து, நானே வெட்டி, குர்தி, டாப்ஸ் என்று தைத்து விற்கிறேன். மனைவி ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடிப்பாள். முதலாளி, டிசைனர், கட்டிங் மாஸ்டர் எல்லாம் நான். தப்பு நடந்தால் மட்டும் அவள்.

இப்படி ராஜா மாதிரி இருந்தவன் நிம்மதியைக் கெடுத்தது திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளும் இதே தொழில்தான். கடை கிடையாது, போர்டு கிடையாது. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், கையில் ஒரு போன். துணியும் நான் வாங்கும் அதே தறிக்காரரிடம்தான். ஆனால் அவள் போடுகிற படத்தைப் பார்க்கவேண்டுமே. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அக்கா ஒருவர், அவள் தைத்த குர்தியைப் போட்டுக்கொண்டு தன் ஆட்டோ மேல் சாய்ந்து நிற்பார். பின்னால், நாங்கள் கம்மா என்று சொல்லும் கண்மாயின் கரையும் கருவேலங்காடும். அந்தக் கருவேலமரத்தை நானும் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என் துணிக்குப் பின்னால் நின்றால் முள்ளுச்செடி, அவள் துணிக்குப் பின்னால் நின்றால் கலை.

அதைவிட வயிறு எரிந்தது கலருக்கு அவள் வைக்கிற பேர்கள். நான் 'லைட் பிரவுன்' என்று எழுதி வைத்திருக்கும் அதே துணிக்கு அவள் 'கம்மா வத்துன கலர்' என்று சின்ன அட்டையில் கையால் எழுதித் தொங்கவிடுவாள். என் கிரீம், அவளிடம் 'வெடிச்ச பருத்தி'. ஜனங்கள் என் கடைக்கே வந்து, "அந்தத் திருச்சுழிப் பொண்ணு போடுற கம்மாக் கலர் இருக்கா?" என்று என்னிடமே கேட்டார்கள். இருந்தது. அலமாரியில் ஆறு மாதமாக லைட் பிரவுன் என்ற பேரில் தூங்கிக்கொண்டிருந்தது.

இதில் இன்னொரு கொடுமை. அவள் தொழில் தொடங்கும்முன் என்னிடம்தான் வந்தாள். "அண்ணே, நான் டிசைன் பண்ணித் தாரேன், நீங்க தைச்சுக் குடுப்பீகளா?" என்று கேட்டாள். கலர் பேர்களையும் சொன்னாள். "கலருக்குப் பேரு வைக்க நம்ம என்ன காதுகுத்தா நடத்துறோம்?" என்று கேட்டு, நானே சிரித்தேன். அவள் கோபப்படவில்லை. மேஜையில் திறந்து கிடந்த என் அளவு நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒவ்வொரு அளவுக்கும் அடியில சினிமா முடிஞ்ச மாதிரி சுபம் போட்டிருக்கீக?" என்றாள். அது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். சுபம் போட்டுவிட்டால் அதற்குக் கீழே யாரும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. "சுபம் போட்டா அதுக்கு மேல பேச்சில்ல தாயி" என்று பெரிய மனுசன் மாதிரி சொல்லி அனுப்பிவைத்தேன்.

நிற்க. தீபாவளி முடிந்த அந்த வாரம் மதுரையிலிருந்து ஒரு போன். அங்கே பெரிய துணிக்கடை வைத்திருக்கும் அம்மா. "உங்க பக்கத்துத் தறித் துணியில தைக்கிற ஒருத்தருக்கு எங்க கடையில ஒரு வரிசை ஒதுக்கலாம்னு இருக்கேன். ரெண்டு வாரங் கழிச்சு வாரேன். உங்களையும் பாக்கணும், திருச்சுழியில ஒரு பொண்ணு இருக்காமே, அதையும் பாக்கணும்" என்றார்.

மதுரையில் ஒரு வரிசை. வருடம் முழுக்க வேலை. என் பேர் எழுதிய அட்டையோடு என் துணி கண்ணாடிக்குள் தொங்கும். புத்தி உள்ளவன் என்ன செய்வான்? நல்லதாக நாலு உருப்படி தைத்து வைப்பான். நான் அந்த இரண்டு வாரமும் அவள் துணியில் குறை கண்டுபிடிக்க வழி தேடினேன். ஒன்றை வரவழைத்து, தையலில் ஓட்டை உடைசல் கண்டுபிடித்து, மதுரை அம்மா வரும்போது போகிற போக்கில் காட்டிவிடவேண்டும். இதுதான் திட்டம்.

என் பழைய நம்பர் ஒன்று சும்மா கிடந்தது. அதற்கு ரோஜாப்பூ படம் வைத்து, ஒரு பெண் பேரும் சூட்டினேன். பந்தல்குடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் என் கூட்டாளியின் முகவரியைக் கொடுத்து, குர்தி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். அளவு அனுப்பச் சொன்னாள்.

இங்கேதான் சிக்கல். குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் போட்டுப் பார்க்க ஓர் உடம்பு வேண்டும். வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டால் காரணம் சொல்லவேண்டும். கடைப் பொம்மைக்கோ ஒரு பக்கத் தோள் உடைந்து போயிருந்தது. மனைவியிடம் டேப்பை நீட்டினேன். "உங்க களவாணித்தனத்துக்கு என் அளவு எதுக்கு? உங்களத அனுப்புங்க" என்றாள். கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது யோசனையாகப் பட்டது.

கண்ணாடி முன்னால் நின்று மூச்சை லேசாக இழுத்துப் பிடித்து அளந்தேன். கொஞ்சம் வாட்டசாட்டமான பெண், அவ்வளவுதானே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வெட்டுமேஜையில் குனிந்து குனிந்து என் வலது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கும். திருட்டு வேலை என்றாலும் தொழிலில் பொய் வரமாட்டேன் என்கிறது. இடது தோள் தனி, வலது தோள் தனி. என் நோட்டில் எழுதுவது மாதிரியே கடைசி வரி வரைக்கும் ஒன்று விடாமல் அடித்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அக்கா, அளவு உங்களோடதுதானா? ஒருக்கா சரிபாத்துச் சொல்லுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் அளவு எனக்குத் தெரியாதாம்மா?"

"சரிங்க்கா. உங்களுக்கு எது பொருந்துமோ அதையே தைச்சு அனுப்புறேன்."

அன்றைக்கு ராத்திரி சிரித்துக்கொண்டே தூங்கினேன் என்று மனைவி சொல்கிறாள்.

பார்சல் வரக் காணோம். மதுரை அம்மா வருகிற நாளும் வந்துவிட்டது. காலையில் பஞ்சர் கடைக்காரன் போன் போட்டான். "ஏலே, பொம்பளப் பேர்ல உனக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. வீட்டுல தெரியுமா, இல்ல நான் பிரிச்சுக்கவா?" கெஞ்சிக் கூத்தாடி, பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். அது என் கைக்கு வந்து சேரவும் மதுரை அம்மாவின் கார் கடை வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

என் துணிகளைப் புரட்டிப் பார்த்தார். "தையல் சுத்தமா இருக்கு" என்றார். அந்த இடத்தில் வாயை மூடியிருக்கவேண்டும். நான், "திருச்சுழிக்கும் போறீகளாமே? தங்கமான பொண்ணு. தையல்தான் கொஞ்சம்..." என்று இழுத்தேன். "எங்க சொந்தக்காரம்மா ஒருத்தவுக ஒண்ணு வாங்கியிருக்காக. இன்னும் பிரிக்கக்கூட இல்ல. உங்க முன்னாலயே பிரிக்கிறேன், நீங்களே பாருங்க." ஓவர்லாக் மெஷினிலிருந்து மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். நான் கத்தரியை எடுத்துவிட்டேன்.

உள்ளே இருந்தது குர்தி இல்லை. அரைக்கைச் சட்டை. ஆம்பளைச் சட்டை.

ஒரு நொடி எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, என் கல்யாணத்தன்றுகூட அப்படி வரவில்லை. "பாத்தீகளாம்மா? குர்தி கேட்டா சட்டை அனுப்புற லட்சணத்த. இதுகிட்டப் போயி ஒரு வரிசைய நம்பி விடலாமா?"

அந்த அம்மா சட்டையைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார். "அளவு யாரோடது?"

"அதான், சொந்தக்காரம்மா..."

"போட்டுப் பாருங்க."

"நானா?"

"வேற யாரு?"

மெஷின் சத்தம் நின்றுவிட்டது. போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டப் போனேன். "அதக் கழட்டிட்டுப் போடுங்க" என்றாள் மனைவி. திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தேன். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் தைத்திருக்கிறேன், எனக்கு அப்படி ஒரு சட்டை அமைந்ததே இல்லை. கழுத்து உறுத்தவில்லை. தொப்பை இருக்கிற இடத்தில் தொப்பைக்கு இடம் இருந்தது. வலது பக்கம் எப்போதும் சரியும் தோள்பட்டை அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"வலது தோள் அரை இஞ்சு தாழ்த்தி வெட்டியிருக்கு. உங்க சொந்தக்காரம்மாவுக்கும் உங்கள மாதிரியேதானா?" என்றார் மதுரை அம்மா.

நான் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தேன். என் மனைவி வாயைத் திறந்தாள். ரோஜாப்பூவிலிருந்து பஞ்சர் கடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். என் காலரில் தொங்கிய அட்டையைத் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"வயித்தெரிச்சல் செவப்பு."

அப்போதுதான் சிரித்தார். மனைவி மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். போன மாசம்தான் அதே சிவப்பைத் தறிக்காரர் என்னிடம் காட்டினார். மங்கலாக இருக்கிறது, ஓடாது என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மா, "திருச்சுழிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். அந்தச் சட்டையோடு வாசலில் இறங்கி நின்று, அந்த வழியைக் கைநீட்டிக் காட்டியவன் நான்தான்.

சாயங்காலம் வரை சட்டையை உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "தப்பு கெடைச்சுச்சா?" என்று கேட்டாள் மனைவி. "பட்டன் ஓட்டை கொஞ்சம்..." என்றேன். "கொஞ்சம்?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மதுரையில் இப்போது அந்த வரிசை அவளுடையது. கண்ணாடிக்குள் அவள் கையெழுத்து அட்டைகள் தொங்குகின்றன. போன வாரமும் போய்ப் பார்த்தேன், வயிறு எரிந்தது, வந்துவிட்டேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இதை வாசிக்கும் என் மனைவி சிரிப்பாள். ஆனால் முக்கியமான இடத்துக்குப் போகும்போது என் கை அலமாரியில் அந்தச் சிவப்புச் சட்டையைத்தான் தேடுகிறது. என் தொப்பையையும் கோணல் தோளையும் கெட்ட புத்தியையும் ஒன்றாக அளவெடுத்து, எங்கேயும் உறுத்தாமல் எனக்குத் தைத்துப் போட்டவள் அவள் ஒருத்திதான் என்பது, அதை மாட்டும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.

சட்டை வந்த அன்றைக்கே, இருட்டுவதற்குள் என் சொந்த நம்பரிலிருந்தே அவளுக்கு எழுதினேன். அந்தக் குர்தி கேட்ட அக்கா நான்தான், புத்தி கெட்டுச் செய்துவிட்டேன், மன்னிச்சுக்க தாயி, சட்டை நல்லா இருக்கு, அன்றைக்கு உன் கலர் பேர்களைக் கேட்டுச் சிரித்ததற்கும் சேர்த்து மன்னிச்சுக்க என்று ஒரு முழப் பத்தி. கடைசியில், அளவைப் பார்த்து ஆம்பளை என்று கண்டுபிடித்தது சரி, ஆனால் அது நான்தான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தேன்.

உடனே பதில் வந்தது.

"சுபம்."