மண்டோர் தேர்ந்தெடுத்த ஸ்கோப்

மண்டோரின் வலது புருவத்தில் பிறை போல ஒரு தழும்பு இருந்தது. துப்பாக்கியின் மேல் குறிபார்க்க அவர் மாட்டியிருந்த பழைய தொலைநோக்கி ஸ்கோப் போட்ட வெட்டு அது. காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம்; அவர் அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோர், அதாவது கங்காணி. இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளைச் சுட அவர் ஒருவருக்குத்தான் உரிமம் இருந்தது. ஒற்றைக் குண்டு போடும் துப்பாக்கி; கழுதை மாதிரி உதைக்கும். காற்றுத் துப்பாக்கிக்கென்று செய்த மலிவு ஸ்கோப் அந்த உதையைத் தாங்குமா? ஒரு நாள் அது அவர் புருவத்தைக் கிழித்ததோடு, உள்ளே இருந்த குறிபார்க்கும் கோடும் அறுந்துபோனது. ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வந்தது.

ஓய்வு வயதைத் தாண்டியும் அவரை வைத்திருந்தது இந்த ஒரு வேலைக்காகத்தான். வேலை போனால் தோட்ட வீடும் போய்விடும். மனைவி இறந்தபின் அதில் அவர் தனியாக இருந்தார்.

புதியது வாங்க ஜொகூர் பாருவுக்குப் போனபோது, அலுவலகத்தின் சார்பில் நானும் கூடப் போனேன். கடைக்காரர் உருவத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் பளபளப்பான ஒன்றை எடுத்து வைத்தார். மண்டோர் அதைத் தொடக்கூட இல்லை.

“உள்ள ஓடுற சாமான் கொறஞ்சா ஒடையறதும் கொறையும் கிராணிம்மா. நமக்கு அம்பது அடியில பன்னி. நெலாவையா பாக்கப் போறோம்?”

நான்கு மடங்கு மட்டுமே காட்டும், திருக எதுவுமில்லாத, குட்டையான ஒன்றை எடுத்தார். காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். கண்ணிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்தும் முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்தார். “உதைச்சா ஓடி ஒளிய எடம் வேணும்லா” என்று புருவத்தைத் தடவிச் சிரித்தார். விலையும் எங்கள் கைக்கு எட்டியது.

ஓராண்டு போல அது அசையாமல் நின்றது. பிறகுதான், கண்ணாடிக்குள் பனி பிடித்துவிட்டது என்றார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறொன்று மாற்றிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் அதிலும் பனி என்றார். மறுபடி கடைக்கு அனுப்பும் முன், நான் அலுவலக சன்னல் வழியே அதைப் பிடித்துப் பார்த்தேன். தூரத்தில் நின்ற பழ லாரியின் கதவில் காய்ந்திருந்த சேறு கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

பழுது எங்கே என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. அந்த வீட்டை நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. இரக்கம் என்றுதான் அன்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். “இப்போதைக்கு இதையே வச்சுக்குங்க மண்டோர்” என்று திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம், தூறல் விழுந்த ஒரு காலையில், துப்பாக்கியோடு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பன்னின்னு நெனச்சேன் கிராணிம்மா. குனிஞ்சு மேயுதுன்னு நெனச்சேன். வெரலு விசை மேல இருக்கு. அப்பதான் அது நிமிந்துச்சு. உதிரிப் பழம் பொறுக்குற பொம்பள. கறுப்பு மழச்சட்ட.”

அவரே மேலாளரின் அறைக்குள் போய்த் துப்பாக்கியை ஒப்படைத்தார். கண்ணில் புரை என்றார் மருத்துவர். அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் துப்பாக்கி வேறு ஆளுக்குப் போனது. அந்த ஆள் தன் சொந்த ஸ்கோப்பைக் கொண்டுவந்தார். மண்டோர் மாசாயில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்குப் போக மூட்டை கட்டினார்.

விடைபெற வந்த அன்று, கழற்றி என் மேசை இழுப்பறையில் போட்டிருந்த ஸ்கோப்பைக் கேட்டு வாங்கினார். சன்னலருகே நின்று வெகுநேரம் வெளியே பார்த்தார்.

“நல்ல கண்ணாடி. கடைக்காரன அநியாயமா திட்டிட்டேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு நீங்களும் பாத்தீங்கல்ல? தெளிவாத்தான இருந்துச்சு?”

“தெளிவாத்தான் இருந்துச்சு மண்டோர்.”

அவர் ஸ்கோப்பை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

“சொல்லியிருக்கலாம்லா” என்றார்.

குரலில் கோபமே இல்லை. வெளியே மகளின் கார் காத்திருந்தது. நான் வாசல் வரை கூடப் போனேன். படியில் அவரைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். “தெரியுது கிராணிம்மா, இப்ப நல்லா தெரியுது” என்று சொல்லிவிட்டு, தானே இறங்கிப் போனார்.